அமலி வீட்டு வெள்ளிக்கிழமை

ஊருக்கெல்லாம் ஈஸ்டர் வந்துச்சு, அமலி வீட்டுக்கு மட்டும் வரல்ல. நான் ஒண்ணும் கதை விடல்ல, புன்னைத்துறைக் கடற்கரையில வலை பின்னிக்கிட்டு இருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க, சொல்லிட்டு, "அந்தா தெரியுதுல்லா பச்சைக் கதவு, அந்த வீட்டுலதான் வெள்ளிக்கிழமை நின்னு போச்சு"ன்னு கையை நீட்டியும் காட்டுவாங்க, அதுல அவங்களுக்கு ஆச்சரியமும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, கடல் தண்ணி உப்புக் கரிக்குதுன்னு சொல்லுத மாதிரிதான் சொல்லுவாங்க. நான் அதுக்கு அடுத்த வீடு. பேரு இன்னாசியம்மா, மீன் விக்கிறவ, வாய் கொஞ்சம் நீளம்னு ஊருல சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போறாங்க.

அந்தப் பெரிய வெள்ளி எப்பவும் போலத்தான் இருந்துச்சு. ஒரு வள்ளமும் கடலுக்குப் போகல்ல, கோயில் மணிநாக்கைக் கட்டிப் போட்டுட்டு மரக்கட்டையைத் தட்டிக்கிட்டே கோயில்பிள்ளை தெருத்தெருவா நடந்தாரு, பொம்பளைங்க யாரும் தலை சீவல்ல, மத்தியானம் ஆண்டவர் உசிரு விட்ட மூணு மணிக்கு ஊரே முழங்கால்ல நின்னு சிலுவையில உதடு வச்சு முத்தி செஞ்சிட்டு, கோயில்ல ஊத்தின கஞ்சியைக் குடிச்சிட்டு வீட்டுக்கு வந்துச்சு, அமலியும் வந்தா, வந்து திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழ சுவத்துல சாஞ்சு உக்காந்தா. அவ்வளவுதான். சனி வந்துச்சு, ராத்திரிப் பூசைக்கு மணி அடிச்சுச்சு, ஞாயிறு விடிஞ்சு ஊரெல்லாம் கறி மணக்குது, இவளக் காணல்லியேன்னு ஒரு கிண்ணத்துல கறியை எடுத்துக்கிட்டு நான் போயி அந்த வாசப்படியைத் தாண்டினேன். தாண்டினதும் வெயிலு சாய்ஞ்சு கிடக்கு, சுவர்க்கடிகாரம் மூணு காட்டுது, எங்கயோ தெருக்கோடியில மரக்கட்டை தட்டுத சத்தம் கேக்குது, என் கையில இருந்த கறியில மணம் போயிட்டு.

"ஏட்டி அமலி, இண்ணைக்கு ஈஸ்டர்ட்டி"ன்னேன்.

"இங்க வரல்ல அக்கா"ன்னா, என்னமோ பால்காரன் வரல்லங்கிற மாதிரி.

இவ யாருன்னா, கோயில்ல பாட்டுக்குழுவுக்கு முன்னால நிக்கிறவ, பிள்ளைங்களுக்கு ஞாயித்துக்கிழமை மந்திரம் சொல்லிக் குடுக்கிறவ, தெருவுல சாவு விழுந்தா செபமாலையை எடுத்துக்கிட்டு முதல்ல ஓடுறவ. புருசன் கஸ்பார் தங்கமான ஆளு, குடி கிடையாது. ஒரே மக ஜெனோவா, அப்ப ரெண்டாங் கிளாஸ். ஊருக்குக் காரணம் வேணும்ல, காரணம் இல்லாட்டி சோறு இறங்காதே எங்களுக்கு, அதனால கஸ்பாரு அடிச்சானான்னு கேட்டோம், மாமியா ஏதும் செய்வினை வச்சாளான்னு கேட்டோம், பிள்ளை ஏதும் கலைஞ்சுதான்னு கேட்டோம், அவ எல்லாத்துக்கும் தலையை ஆட்டிட்டு, "ஒண்ணுமில்ல அக்கா, ஒண்ணுமே இல்ல, அதான் தாங்க முடியல்ல"ன்னா. ஒண்ணுமே இல்லாததுக்கு என்ன வைத்தியம்னு யாருக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்குள்ள அடுப்புப் பத்த வச்சா பத்தும், பானை கொதிக்காது. பசிக்காது, தூக்கம் வராது, நகம் வளராது. ஜெனோவாவை உள்ள விட்டா வளராமப் போயிருவாளேன்னு நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன், கஸ்பார் அவன் அக்கா வீட்டுத் திண்ணைப் பக்கம் ஒரு கட்டிலைப் போட்டுக்கிட்டான். முதல் மாசம் ஊரே ஒப்பாரி வச்சுச்சு, ரெண்டாம் மாசம் எட்டிப் பாத்துச்சு, மூணாம் மாசம் என்ன செஞ்சுச்சு தெரியுமா, மீனைக் கொண்டு போயி உள்ள வச்சுச்சு. சிரிக்காதீங்க, உண்மையத்தான் சொல்லுதேன், அங்க வச்ச மீன் கெடாதுன்னு முதல்ல கண்டுபிடிச்சது எவன்னு தெரியல்ல, அதுக்கப்புறம் ஐஸ் வண்டி வரல்லன்னா சீலாவும் பாறையும் சூடையும் பெட்டி பெட்டியா அமலி வீட்டு உள்ளறைக்குப் போவும், விலை ஏறின பிறகு வெளிய வரும், விக்காததைத் திருப்பி எடுக்க மறந்து அப்படியே கிடக்கும், அவ பாட்டுக்குச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பா, நாங்க பாட்டுக்கு அவளத் தாண்டிப் பெட்டியைத் தூக்கிட்டுப் போவோம்.

மிக்கேல் தாத்தாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப, மகன் துபாய்ல இருந்து வந்து சேருறவரைக்கும் அவரையும் அங்கதான் கொண்டு போயிக் கிடத்தினாங்க. வெள்ளிக்கிழமை மூணு மணி தாண்டாத வீட்டுல எப்படிச் சாவு வரும், தாத்தா ஒரே மூச்சுல அப்படியே கிடந்தாரு, மகன் வந்து இறங்கி, காலைத் தொட்டு அழுது முடிச்ச பிறகு கட்டிலோட வெளிய தூக்கினோம், வாசப்படி தாண்டினதும் போயிட்டாரு, நல்ல சாவுன்னு ஊரே சொல்லிச்சு. பிடிக்காத மாப்பிள்ளைக்கு நிச்சயம் பண்ணின ஒரு பிள்ளை அங்க போயி உக்காந்துக்கிட்டு கல்யாண நாளே எனக்கு வராதுன்னு அடம் பிடிச்சா. பரீட்சைக்குப் படிக்காதவனெல்லாம் புத்தகத்தோட உள்ள போனான். இப்படியே அமலி வீடு ஊருக்கு ஒத்தாசையா ஆயிட்டு, அமலியை மட்டும் யாரும் நினைக்கல்ல.

நினைக்கல்லன்னு சொன்னா அதுவும் பாவம், செபம் பண்ணத்தான் செஞ்சாங்க. பக்கத்து ஊருல இருந்து தியானக்காரங்க வந்து அவ தலையில கையை வச்சு, "மகளே, சந்தோசமா இரு, சந்தோசப்படாதது பாவம், ஸ்தோத்திரம் சொல்லு, சொல்லு"ன்னு கத்தினாங்க, அவளும் சொன்னா, உதடு காஞ்சு வெடிக்கிறவரைக்கும் சொன்னா. விசுவாசம் பத்தல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. கஸ்பார் டவுனுக்குப் போயி ஒரு டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வந்தான், அந்தம்மா ரொம்ப நேரம் பக்கத்துல உக்காந்து பேசிட்டு, "இது நோய்தாம்மா, உன் தப்பு இல்ல, மாத்திரை இருக்கு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு போடு"ன்னு நல்லபடியாத்தான் சொன்னா. அந்த வீட்டுல காலையும் கிடையாது ராத்திரியும் கிடையாதே, மூணு மணிக்குப் போட்ட மாத்திரை மூணு மணிக்கே தொண்டையில நின்னுச்சு. மாத்திரைப் பட்டை படத்துக்குக் கீழ அப்படியே கிடந்துச்சு.

ஒரு நா மத்தியானம் மீன் பெட்டி எடுக்கப் போனவ, அவ கையில செபமாலை உருளுறதைப் பாத்து, பரவாயில்ல செபமாவது சொல்லுதாளேன்னு பக்கத்துல உக்காந்தேன். "ஆண்டவர் பாடுபட்டுச் செத்த துக்க தேவரகசியம் அஞ்சும் சொல்லுதேன் அக்கா, முடிச்சதும் மறுபடி முதல்ல இருந்து அதேதான் வருது, அவரு உயிர்த்த மகிமை தேவரகசியம் வாயில வர மாட்டேங்குது"ன்னா. பிறகு சத்தமே இல்லாம, "வெளிய வரணும் அக்கா"ன்னா.

எனக்கு நெஞ்சு நிறைஞ்சுட்டு. "வாட்டி என் ராசாத்தி, எந்திரி, உன் மகளப் பாக்கலாம், தலை சீவி விடுதேன்"னு கையைப் புடிச்சேன்.

"அதுக்கில்ல அக்கா. உள்ள இருந்தா சாவு வராதுல்லா. வெளிய வந்தாத்தான் சாக முடியும்."

யாருகிட்டயும் சொல்லாதன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா, கஸ்பாருகிட்ட மட்டும் நான் அந்தச் சத்தியத்தை மீறிச் சொன்னேன், அவன் கடலையே பாத்துக்கிட்டு நின்னான். மறுநாள்ல இருந்து மீன்கூடையைத் தூக்கிட்டுச் சந்தைக்குப் போறதை விட்டுட்டு, அவ வாசப்படியிலயே கடையைப் போட்டு உக்காந்துட்டேன், கஸ்பார் கடலுக்குப் போகாத நேரம் அவன் உக்காருவான். ஊரு தினமும் அமலி வெளிய வரணும்னு பூசையில மன்றாடுது, நான் வாசல்ல உக்காந்துக்கிட்டு ஆண்டவரே இவ வெளிய வந்துரக் கூடாதுன்னு மன்றாடுதேன், எந்த மன்றாட்டைக் கேக்கிறதுன்னு அவருக்கே குழம்பியிருக்கும்.

இதுக்கிடையில அடுத்த ஈஸ்டருக்கு ஊரு கூடி ஒரு வேலை பண்ணிச்சு பாருங்க, எங்க ஊருக்காரங்களுக்குத்தான் அப்படியெல்லாம் தோணும். ஈஸ்டர் அவ வீட்டுக்கு வரல்லன்னா நாம கொண்டு போயிருவோம்னு முடிவு பண்ணி, உயிர்த்த ஆண்டவர் சுரூபத்தைத் தோள்ல தூக்கிக்கிட்டு, பேண்டு செட்டு, சரவெடி, வெள்ளைக் கொடி சகிதமா விடியக்காலம் அவ வாசலுக்கு வந்தாங்க, பங்குச்சாமியும் சந்தோசமா முன்னால வந்தாரு. நாலு பேரு சுரூபத்தோட படியைத் தாண்டினாங்க, பேண்டுக்காரனும் வெடிக்காரனும் பின்னாலயே போனாங்க. தாண்டினதும் பேண்டு வாசிக்கிறவன் கன்னம் உப்புது, சத்தம் வரல்ல, கொளுத்தின வெடி புகைஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டுச்சு, ஆசீர்வாதம் குடுக்கிறதுக்காகத் தூக்கியிருந்த ஆண்டவரோட வலதுகை மெள்ள மெள்ளக் கீழ இறங்கி, விலாப்புறத்துல பூசியிருந்த சிவப்புப் பெயிண்ட்டு ஈரமாயிட்டு. தூக்கினவனுங்க பயந்து பின்னால வந்தாங்க, வெளிய வந்ததும் கை பழையபடி மேல போயிட்டு.

அமலி எழுந்து நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "மன்னிச்சிருங்க"ன்னு எல்லாரையும் பாத்துக் கும்பிட்டா. வெளிய நின்ன ஒருத்தி, பேரு சொல்ல மாட்டேன், அவளுக்கும் பிள்ளை குட்டி இருக்கு, "உயிர்த்த ஆண்டவரையே கையை இறக்க வச்சிட்டாளே சண்டாளி"ன்னு சொன்னது அமலி காதுல விழுந்துச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துல சூடை மீனை அள்ளி அவ மூஞ்சியிலேயே எறிஞ்சிட்டேன். எறிஞ்சி என்ன செய்ய, விழ வேண்டிய சொல்லு விழுந்துட்டு.

ஜெனோவா கோயில்ல முதல் நற்கருணை, அதான் புதுநன்மை, வாங்கின அண்ணைக்கு வெள்ளை கவுனும் தலையில பூக்கிரீடமுமா அம்மாகிட்ட காட்ட ஓடினா. அமலி அந்த கவுனோட ஓரத்தைத் தடவிப் பாத்தா. பிள்ளை என்ன நினைச்சுச்சோ, "நானும் இங்கயே இருந்துக்கிறேம்மா, வளரல்லன்னா பரவாயில்ல"ன்னு மடியில தலையை வச்சுப் படுத்துட்டு. அமலி பிள்ளையைப் புடிச்சு வாசலுக்குத் தள்ளினா, "போ மக்கா, வெளிய போ, இன்னாசி பெரியம்மாகிட்ட போ"ன்னு கத்தினா, அந்த வீட்டுல அவ சத்தம் போட்டு நான் கேட்டது அண்ணைக்குத்தான். பிள்ளை தன்னை அம்மாவுக்குப் பிடிக்கல்லன்னு நினைச்சு என் மடியில அழுது தீத்துச்சு. உள்ள அவ சுவத்துல முட்டிக்கிட்டு அழுததை நான்தான் பாத்தேன்.

இப்படியே சில வருசம் போயி, இன்னொரு பெரிய வெள்ளி வந்துச்சு. எங்க ஊருல அண்ணைக்கு மரத்துல செஞ்ச ஆண்டவர் சடலத்தைச் சிலுவையில இருந்து இறக்கி, கை மூட்டை மடக்கி, ஆசந்திங்கிற பாடையில கிடத்தித் தெருவெல்லாம் தூக்கிட்டுப் போவாங்க, பேண்டு கிடையாது, மரக்கட்டைச் சத்தமும் ஒப்பாரியும்தான், ஒவ்வொரு தெருவுலயும் ஓரிடத்துல இறக்கி வப்பாங்க, சனம் வந்து பாதத்தை முத்தி செய்யும். எங்க தெருவுல இறக்கி வைக்கிற இடம் அந்தக் காலத்துல இருந்தே அமலி வீட்டு வாசல். வெள்ளிக்கிழமை நின்னதுக்கப்புறம் பயந்துக்கிட்டு நாலு வீடு தள்ளி வச்சாங்க. இந்தத் தடவை மழை ஒரு சொட்டு ரெண்டு சொட்டு விழ ஆரம்பிச்சுச்சு, தூக்குறவங்களுக்குத் தோள் வலி, பழக்க தோசத்துல பழைய இடத்துலயே இறக்கி வச்சிட்டாங்க.

மரக்கட்டை வெளியயும் தட்டுது, உள்ளயும் தட்டுது. அமலி எழுந்து வந்தா. வந்து வாசப்படியில ஒரு காலை வச்சு, மத்தக் காலை வெளிய எடுத்து வச்சா.

நான் கூடையைத் தட்டி விட்டுட்டு எந்திரிச்சு ரெண்டு கையையும் விரிச்சுக் குறுக்க நின்னேன். "ஏட்டி இன்னாசி, உனக்குக் கிறுக்கா, விடுட்டி அவள, வெளிய வரட்டும்"னு சனம் கத்துது, பங்குச்சாமியே, "இன்னாசியம்மா, வழிய விடுங்க, ஆண்டவர் கூப்பிடுறாரு"ங்கிறாரு. எனக்குச் சத்தியமாவது மண்ணாவது, அத்தனை பேரு முன்னாலயும் வயித்துல அடிச்சுக்கிட்டுச் சொல்லிட்டேன். "வெளிய வந்தா இவ செத்துப் போவா சாமி! சாகத்தான் இவ வெளிய வரணுங்கா! நீங்க எல்லாரும் கூடிக் கூப்பிடுதீங்களே, எதுக்குக் கூப்பிடுதீங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

கஸ்பாரு தூண்ல சாஞ்சுக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டான்.

அமலி என் தோள்ல கையை வச்சா. "இண்ணைக்கு அதுக்கு இல்ல அக்கா"ன்னா. "அவர உள்ள கொண்டு வரச் சொல்லு."

கோயில்ல கல்லறை சோடிச்சு வச்சிருக்கு, சடலத்தை அங்கதான் வைக்கணும்கிறது முறை, பங்குச்சாமி தயங்கினாரு. அவ அவரைப் பாத்து, "சாமி, பாதாளத்துல இறங்கினாருன்னு விசுவாச மந்திரத்துல ஒரு வார்த்தை வருதுல்லா, பிள்ளைங்களுக்கு நான் எத்தனையோ தடவை சொல்லிக் குடுத்திருக்கேன், அதைச் சொல்லிட்டு எல்லாரும் மூச்சு விடாம மூணாம் நாள் உயிர்த்தாருங்கிறதுக்கு ஓடிப் போயிருதோம், அந்த வார்த்தையிலயே நான் நிக்கேன் சாமி, ஒரு தடவை அவரை இங்க இறங்கச் சொல்லுங்க"ன்னா. சாமி கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "தூக்குங்கப்பா"ன்னாரு.

தூக்கிட்டுப் படியைத் தாண்டினாங்க. ஒண்ணும் மாறல்ல. அவரு கை ஏற்கெனவே இறங்கின கைதானே, விலாவுல ரத்தம் ஏற்கெனவே இருக்கிறதுதானே, அவருக்கும் மூணு மணி, அவளுக்கும் மூணு மணி. மீன் பெட்டிகளைத் தள்ளி வச்சிட்டு, தரையில ஒரு பாயைப் போட்டு அவரைக் கிடத்திட்டு எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. நான் வாசல்லயே இருந்தேன். அவ பக்கத்துல உக்காந்து முந்தானையால அவரு முகத்துல விழுந்திருந்த மழைத் துளியைத் துடைச்சா, பிறகு எங்கிட்ட திரும்பி, "எந்திரி எந்திரின்னு சொல்லாம இந்த வீட்டுக்கு வந்த ஒரே ஆளு இவருதான் அக்கா"ன்னு சொல்லிட்டு, அவருக்குப் பக்கத்துல வெறுந்தரையில படுத்துட்டா. நானும் வெளிச்சுவத்துல சாஞ்ச மேனிக்குக் கண்ணசந்துட்டேன்.

என்னை எழுப்பினது நாத்தம். சொல்லுதேன்னு தப்பா நினைக்காதீங்க, அப்படி ஒரு நாத்தத்தை இந்தக் கடற்கரை கண்டதே இல்ல, உள்ளறையில மறந்து போட்டிருந்த அத்தனை பெட்டி மீனும் ஒரே நேரத்துல அழுகி, தெருவே மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடி வருது, கோயில்பிள்ளை சடலத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்தவரு பாதி வழியில நின்னு ஓங்கரிக்கிறாரு. எட்டிப் பாத்தேன். வெயிலு கிழக்க இருந்து விழுந்து கிடக்கு. கடிகாரம் ஓடுது. அமலி தலையில வராம நின்னிருந்த வருசமெல்லாம் மொத்தமா வந்து இறங்கி, முன்நெத்தி முடி வெள்ளையாயிட்டு, அவ அந்த நாத்தத்துக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, "பசிக்குது அக்கா"ன்னா.

"சனிக்கிழமைட்டி! இண்ணைக்கு சனிக்கிழமை!"ன்னு நான் கத்தினது கடலுக்குக் கேட்டிருக்கும். ஊரே மீனை அள்ளிக் குழி தோண்டிப் புதைச்சுச்சு, என் மீனும் அதுல போச்சு, யாருக்கும் மனசுல ஒரு வருத்தமும் இல்ல. சனி வந்தாச்சுன்னா நாளைக்கு ஞாயிறு வந்துரும்லா, எளிய கணக்குதானேன்னு ராத்திரிப் பூசைக்கு மணியை அறுந்து விழுற மாதிரி இழுத்து அடிச்சாங்க. விடிஞ்சு கறியை எடுத்துக்கிட்டு ஊரே அவ வாசலுக்கு ஓடிச்சு.

உள்ள சனிக்கிழமை சாயங்காலம். வெயிலு தாழ்ந்து தரையில கிடக்கு, பொழுது அடையவும் இல்ல, மணி அடிக்கவும் இல்ல. அவ கும்பிட்டுட்டு, "மன்னிச்சிருங்க"ன்னா. இந்தத் தடவை யாரும் ஒண்ணும் சொல்லல்ல, கறியைப் படியில வச்சிட்டு மெள்ளப் போயிட்டாங்க. சொல்லாம இருக்க எங்க ஊரு படிச்சதே பெரிய விசயம்.

இண்ணைக்கும் அங்க சனிக்கிழமைதான். ஒரு காலை வரும், ஒரு மத்தியானம் வரும், சாயங்காலத்தோட நின்னு மறுபடி அதே காலை வரும். காலை மாத்திரை தொண்டையை விட்டு இறங்குது, ராத்திரி மாத்திரைக்கு இன்னும் ராத்திரி வரல்ல, பாதியாவது உள்ள போகட்டும்னு டாக்டரம்மா சொல்லியிருக்கா. பானை கொதிக்குது. சில நாள் அவ சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டான்னா கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா, கண்ணு வாசலையே பாக்கும், அப்ப நான் கஸ்பாருக்கு ஆளனுப்புவேன். சடலத்தைக் கோயில்பிள்ளை இன்னும் எடுத்துட்டுப் போகல்ல, சாமியும் கேக்கல்ல. அவரு பாயிலயே கிடக்காரு, அவளும் பக்கத்துலதான் படுக்கா.

நேத்து ஜெனோவா பள்ளிக்கூடம் விட்டு வந்து அவ முன்னால குத்த வச்சு உக்காந்தா. சனிக்கிழமை தலை சீவலாம்லா, அமலி சீப்பை எடுத்து அந்தப் பிள்ளைக்குச் சிக்கு எடுத்துச் சீவி விட்டா, அவ கடைசியா சீவினப்ப தோள் வரைக்கும் இருந்த முடி, இப்ப இடுப்பைத் தாண்டிக் கிடக்கு, அது தெரிஞ்சு கை நின்னு நின்னு போச்சு. பிள்ளை திரும்பாமலே கேட்டுச்சு, "எம்மா, ஞாயித்துக்கிழமை வருமா?"

"தெரியல்ல மக்கா"ன்னா. பின்னலை முடிஞ்சு ரிப்பனைக் கட்டினா. "நாளைக்குப் பாப்போம்."

அந்த வீட்டுக்குள்ள நாளைக்குங்கிற வார்த்தையை நான் நேத்துதான் கேட்டேன். கேட்டுட்டு, முந்தானையை வாயில வச்சுக்கிட்டு ஒரு பாட்டம் அழுதேன், பிறகு மீன்கூடையைப் பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டேன். வாசலை விட்டு நான் இன்னும் எந்திரிக்கல்ல.